கூறப்படுகிறது

நான்காவது தடவையும் மாசிலாமணிக்கு அதே இடத்தில் நாக்கு இடறியது. 'மன்னார் வளைகுடாவின் நீர் சூடாகி வருவதாக' என்பது வரை ஒழுங்காக வந்தது. அடுத்து நின்ற 'கூறப்படுகிறது' பாதி வெளியே வந்து, மீதி தொண்டையிலேயே தங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேஜையில் இருந்த ரிஸ்வானா பொத்தானை அழுத்திக்கொண்டு, "பரவால்ல சார், அந்த வரியிலேர்ந்து மட்டும் எடுத்துக்கலாம், தண்ணி குடிங்க" என்றாள். குடித்தார். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. குளிர்சாதனத்தின் உறுமல் மைக்கில் ஏறிவிடும் என்று அதை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்வார்கள், உள்ளே வந்த பத்தாவது நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். முப்பத்தொரு வருஷமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. திரையில் முகம் காட்டாமல், செய்திக்கும் படத்துக்கும் குரல் மட்டும் கொடுப்பவராக, இந்தச் சொல்லையும் முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கூறப்படுகிறது, தெரிவிக்கப்பட்டது, நம்பப்படுகிறது, எதிர்பார்க்கப்படுகிறது. யார் கூறினார், யார் நம்பினார் என்று யாரும் திருப்பிக் கேட்காத சொற்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவைகூடச் சொன்னதுண்டு, ஒரு தடவைகூட இப்படித் தட்டியதில்லை. காலையில் எழுந்து உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளித்து, தயிர் தொடாமல், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு கிளம்பி வந்த தொண்டைதான் இது, இதற்கு என்ன வந்தது இன்றைக்கு.

அவருக்கு முன்னால் இருந்த தாங்கியில் இரண்டு தாள்கட்டுகள் இருந்தன. ஒன்று மார்ச் மாதம் அவர் வாசித்தது. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே சொல்லை அழுத்த வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் தானே குறித்துக்கொண்டது. அந்த மூச்சுக்கணக்கு ஒத்துப்போகட்டும் என்றுதான் அதையும் கொண்டுவந்திருந்தார். இன்னொன்று இன்று காலை கொடுத்தது, குறிப்பு எதுவும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. கடலின் சூட்டைப் பற்றிய நாற்பத்தெட்டு நிமிடப் படம். இன்பசேகர் என்ற இயக்குநர் இரண்டு வருஷம் அலைந்து எடுத்தது. மார்ச்சில் எல்லாம் முடிந்து தேதிகூடக் குறித்துவிட்டார்கள். ஏப்ரலில் தொலைக்காட்சி கைமாறியது. வாங்கியவர்களை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, குழுமம் என்பார்கள். குழுமத்துக்குத் துறைமுகம் உண்டு, சிமென்ட் உண்டு, கடற்கரை ஓரமாகவே மூன்று அனல்மின் நிலையங்கள் உண்டு. மே மாதம் இன்பசேகரைக் கோயம்புத்தூர் அலுவலகத்துக்குச் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொள்ள மாற்றினார்கள். ஜூனில் படம் தள்ளிவைக்கப்பட்டது. இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு என்கிறார்கள். படத்தை நிறுத்தவில்லை, பாருங்கள், ஒளிபரப்பத்தான் போகிறார்கள், பதினோரு வரி மட்டும் மாறியிருக்கிறது. பழைய தாளில், 'நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயுவே இதற்கு முதன்மைக் காரணம்' என்று இருந்தது. புதியதில், 'இதற்கு இயற்கையான காரணங்களும் இருக்கக்கூடும் எனச் சிலர் கருதுகின்றனர்.' சிலர் என்றால் எத்தனை பேர். இருவரா. ஒருவரைச் சிலர் என்று சொல்லலாமா. பென்சிலை எடுத்து 'சிலர்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடப் போய், அழுத்த வேண்டிய சொல்லா அது, மெல்ல விட்டுவிட வேண்டிய சொல்லா என்று தெரியாமல் பென்சிலைத் திரும்ப வைத்தார்.

ஏன் அன்றைக்கு அந்தப் படகில் ஏறினோம் என்று நினைத்துக்கொண்டார். குரல் கொடுப்பவன் கடலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இந்த அறைக்குள் உட்கார்ந்தபடியே அவர் இமயமலை ஏறியிருக்கிறார், போர்க்களம் பார்த்திருக்கிறார், சிறுத்தை மானைப் பிடிப்பதை அருகிலிருந்து சொல்லியிருக்கிறார். இன்பசேகர்தான் விடவில்லை. "ஒரு நாள் வாங்கண்ணே, தண்ணியத் தொட்டுப் பாத்துட்டு வந்து வாசிங்க, வேற மாதிரி வரும்" என்று இழுத்துக்கொண்டு போனான். கரை மறைவதற்குள் அவருக்கு வாந்தி வந்துவிட்டது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவருடைய கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "கடிக்க வேண்டாம், மோந்துக்கிட்டே இருங்க" என்றவர்தான் டாக்டர் செலின். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், தலையில் துண்டு. அந்தக் கடற்கரையிலேயே பிறந்து, படித்து, பத்தொன்பது வருஷமாக அதே பவளத்திட்டுக்குப் போய் அதே ஆழத்தில் கருவியை இறக்கி நீரின் சூட்டை எழுதிக்கொண்டு வருபவர். கருவியை மேலே இழுத்ததும் அவர் பார்க்காமல் மாசிலாமணியிடம் நீட்டி, "நீங்க வாசிங்க சார். உங்க குரல்ல கேட்டா நம்பர் பொய் சொல்லாத மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். முப்பத்திரண்டு புள்ளி ஆறு, என்று வாசித்தார் அவர், வாந்தி எடுத்த வாயோடு. டாக்டர் செலின் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது, குளிக்க விளாவி வைத்த தண்ணீர் போல இருந்தது கடல். கீழே பவளம் வெள்ளையாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, "செத்த பெறகு வெளுக்கல சார் அது. வெளுத்துக்கிட்டு இருக்கு, இனிமேத்தான் சாவும்" என்றார் டாக்டர் செலின்.

"சார், ரெடியா" என்றாள் ரிஸ்வானா. சிவப்பு விளக்கு எரிந்தது. வாசித்தார். இந்தத் தடவை எங்கும் தட்டவில்லை. கூறப்படுகிறது என்று முழுசாக, நிதானமாக, கடைசி எழுத்து வரை வந்து இறங்கியது. அடுத்த வரியும் வந்தது. சிலர் கருதுகின்றனர் என்பதை ஒரு நூல் மெல்ல விட்டுவிட்டார், காதில் பட்டும் படாமலும். முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில் பிரணவ் நின்றுகொண்டிருந்தான். குழுமம் அனுப்பிய கன்டென்ட் ஹெட், முப்பத்து நான்கு வயது, யாரிடமும் குரல் உயர்த்தாதவன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பேசும் பொத்தானை அழுத்தினான். "சூப்பர் சார். சின்ன வயசுல எங்க வீட்ல எட்டு மணி செய்தின்னா உங்க குரல்தான். அதே வெயிட் இருக்கு." நன்றி என்றார் மாசிலாமணி. பிறகு, கேட்க நினைக்காததைக் கேட்டுவிட்டார். "பிரணவ், இந்த சிலர்னு போட்டிருக்கே, அது யாரு?" கண்ணாடிக்கு அப்பால் அவன் சிரித்தான். "ஒப்பீனியன் ரெண்டு பக்கமும் இருக்குல்ல சார். நாம எதையும் மறைக்கல, பேலன்ஸ் பண்றோம். ஜனங்களே முடிவு பண்ணட்டும்." சரிதான் என்று தலையாட்டினார். ஆட்டிய தலையை உடனே நிறுத்த முடியவில்லை, அது இன்னும் இரண்டு தடவை ஆடியது. நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் பயமாக இருந்தது. இடறிய நான்கு தடவையும் நம்பும்படி இல்லை. இதை நம்பத் தோன்றுகிறது. ஹெட்ஃபோனில் ரிஸ்வானா அதைத் திருப்பிப் போட்டபோது, விஷயம் தெரியாதவனாக இருந்தால் தானே நம்பியிருப்போம் என்று பட்டது.

வெயிட். அந்த வெயிட்டைத்தான் ஒரு மனுஷர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவரிடம் சொன்னார், எட்டு வருஷம் இருக்குமா, ஒன்பதா. நடத்துனரிடம் சீட்டு கேட்ட குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு, சார் நீங்க மாசிலாமணிதானே என்று கையைப் பிடித்துக்கொண்டார். மேலப்பாக்கம் ஏரிக்குக் கீழே வீடாம், தையல் கடையாம். ஏரி நிரம்பிய அந்த ஐப்பசி மழையில், தொலைக்காட்சியில் மாசிலாமணி வாசித்தாராம், கரை பலமாக இருப்பதாகவும் மக்கள் அச்சப்படத் தேவையில்லை எனவும் கூறப்படுகிறது என்று. வாசித்தது ஞாபகமே இல்லை அவருக்கு. அன்று எழுதிக் கொடுத்ததை வாசித்திருப்பார். "பக்கத்து வீட்டுக்காரங்கள்லாம் கெளம்பிட்டாங்க சார். எங்கப்பாதான், டேய், அவரே சொல்லிட்டாருடா, ஒண்ணும் ஆவாதுன்னு படுத்துட்டாரு." விடியும் முன் இடுப்பளவு தண்ணீர். கதவைக் கழற்றி, அப்பாவை அதில் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போனார்களாம். சளி பிடித்து, நெஞ்சில் கட்டி, பத்தாவது நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அந்த மனுஷர் குற்றம் சொல்லவில்லை. அதுதான். சண்டை பிடித்திருந்தால் அலுவலகம் எழுதிக் கொடுத்ததுதான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவரோ, எங்கப்பாவுக்கு உங்க குரல்னா அவ்வளவு புடிக்கும் சார் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, தன் நிறுத்தத்தில் இறங்கி, வெளியிலிருந்து கையும் காட்டினார். மாசிலாமணி இறங்க வேண்டிய இடம் தாண்டி நான்கு நிறுத்தம் போய்விட்டது. மனைவி தமயந்தியிடம்கூட இதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது. நான் சொல்லவில்லை, கூறப்பட்டது என்றா.

"சார், அடுத்தது படத்தோட போட்டே எடுத்துடலாமா" என்றாள் ரிஸ்வானா. "டைமிங் கரெக்டா உக்காரணும்." அவருக்கு முன்னால் இருந்த சின்னத் திரையில் படம் ஓடியது. படகு, கயிறு, தலையில் துண்டு. டாக்டர் செலின் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், சத்தம் இல்லை. ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டார் மாசிலாமணி, அப்போதும் சத்தம் இல்லை. ரிஸ்வானா, அவங்க ஆடியோ வரல, என்றார். அவள் பதில் சொல்லும் முன் ஒரு நொடி பிரணவைப் பார்த்தாள். "அவங்க ஆடியோ இல்ல சார் இங்க. அது மேலதான் உங்க குரல் வருது." மொத்தப் படத்தில் பதினோரு நிமிடம் பேசுவார் டாக்டர் செலின், இப்போது ஐம்பது நொடி மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு கோட்டு போட்ட ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவார், குழுமத்தின் ஆலோசகர். மிச்ச இடங்களில் டாக்டர் செலினின் வாய் மட்டும் அசையும். தாளைப் பார்த்தார், 'கடலின் வெப்பநிலை இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை கொண்டது என்ற கருத்தும் நிலவுகிறது.' திரையைப் பார்த்தார். அந்த வாய் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். மார்ச்சில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்து, பத்துப் பதினைந்து தடவை கேட்டிருக்கிறார். 'இது என் கருத்து இல்லங்க, அளந்தது. நீங்க வந்து இறக்கிப் பாத்தாலும் இதே நம்பர்தான் வரும்.' நம்பர் என்ற இடத்தில் உதடு குவிந்து மூடியது. அந்த மூடிய உதட்டின் மேல்தான் நிலவுகிறது என்ற சொல் வந்து உட்கார வேண்டும், டைமிங் பிசகாமல். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தார். காதுக்குள் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது, ஒரு தடவை, இரண்டு தடவை, அவருடைய வயிறு லேசாக இரைந்தது, அதையும் மைக் எடுத்துக்கொண்டது. திரையில் டாக்டர் செலின் பேசி முடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். விளக்கு அணைந்தது.

"என்னாச்சு சார்" என்றான் பிரணவ். வேணாம்ப்பா, என்றார். தொண்டையா என்று கேட்டான். தொண்டை என்று சொல்லிவிடலாம், எவ்வளவு சுலபம், தொண்டை என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், இரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்று வீட்டுக்குக் கார்கூட வைத்து அனுப்புவார்கள். "தொண்டை நல்லா இருக்கு. இதை நான் வாசிக்கல." தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது அவருக்கு, எழுதிக் கொடுக்காத ஒன்றை இந்த அறைக்குள் அவர் சொன்னதேயில்லை. பிரணவுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கட்டாயம் இல்ல சார், நீங்க டயர்டா இருக்கீங்க, கெளம்புங்க" என்றான். "மிச்சம் ஏழு வரிதானே. சாஃப்ட்வேர்ல பண்ணிக்கிறோம்." என்ன சாஃப்ட்வேர் என்று கேட்டார். "உங்க வாய்ஸ்தான் சார். இருபது வருஷ ரெக்கார்டிங் ஆர்க்கைவ்ல இருக்கு. டைப் பண்ணா அது பேசிடும். நீங்க பேசினா இன்னும் உயிரா இருக்கும்னுதான் கூப்பிட்டோம்." என் அனுமதி இல்லாமலா என்றபோதும் அவன் அதே மென்மையோடு, "ஏப்ரல் கான்ட்ராக்ட்ல இருக்கு சார். பதினாலாவது பாயின்ட். எந்தத் தொழில்நுட்பம் மூலமாவும்னு" என்றான். ஏப்ரல். வரவேற்பறையில் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, அம்புக்குறி ஒட்டியிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். படிச்சுப் பாத்தீங்களா என்று அன்று சாயங்காலம் தமயந்தி கேட்டாள். ஊருக்கே படிச்சுக் காட்டறவன்டி நான், என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்படியானால் என்ன மிச்சம். வாசித்தாலும் அவர்தான், வாசிக்காவிட்டாலும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது ஊரெல்லாம் அவர் பேசிக்கொண்டிருப்பார், இடறாமல், தண்ணீர் குடிக்காமல், வயிறு இரையாமல். ரேஷன் கடையில் பின்னால் நிற்பவர் தோளைத் தட்டி, பாத்தோம் சார், நல்லா இருந்துச்சு என்பார். எந்த அப்பாவோ, அவரே சொல்லிட்டாருடா என்று மறுபடி படுத்துக்கொள்வார். வாசித்துக் கொடுத்துவிட்டால் வேலையாவது மிஞ்சும். வேலை மிஞ்சாவிட்டால் என்ன ஆவோம், ஐம்பத்தாறு வயதில் குரலைத் தவிர வேறென்ன தெரியும், முகத்தைப் பார்த்து யாருக்கும் அடையாளம் தெரியாது, வாயைத் திறந்தால்தான் நான் நான். அந்த வாய் இனி அவர்கள் கணினியிலும் இருக்கிறது. எழுந்தார். எழுந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது, பதிவின்போது கிறீச்சிடாமல் எழும் வித்தை அவருக்குத் தெரியும், இன்று மறந்துபோனது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். தாங்கியில் இருந்த இரண்டு தாள்கட்டுகளையும் எடுத்தார், பழையதையும் புதியதையும், சேர்த்து நான்காக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கனமான கதவைத் தள்ளி வெளியே வந்தபோது ரிஸ்வானா அந்தப் பையைப் பார்த்தாள். புதிய தாள் அலுவலகத்துடையது, திருப்பி வாங்கி வைக்க வேண்டியது அவள் வேலை. பிரணவ் செல்பேசியில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தான். அவள் திரைப்பக்கம் திரும்பி, "பாத்துப் போங்க சார்" என்றாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் பன்னிரண்டு மணி வெயில். இருசக்கர வண்டியின் இருக்கை கொதித்தது. செல்பேசியை எடுத்துவிட்டு, யோசித்து, உள்ளே வைத்து, மறுபடி எடுத்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் வேறு யாருக்கோ அழைப்பு போய், துண்டித்து, மறுபடி தேடினார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. "டாக்டர், நான் மாசிலாமணி, உங்க படத்துக்கு..." முடிக்கும் முன்பே, "ஹலோன்னதுமே தெரிஞ்சிட்டு சார்" என்றார் டாக்டர் செலின். "சொல்லுங்க. ஞாயித்துக்கெழம இங்க மீனவர் சங்கத்துல பெரிய டிவி எடுத்து வச்சிருக்காவ. நூறு பேருக்கு மேல வருவாங்க போல. எங்க ஃபாதர்கூட பூசைய அரை மணி முன்னாடி வச்சிட்டாரு." மாசிலாமணி பக்கத்துச் சுவரில் சாயப் போனார். சுவரும் சுட்டது. "படம் வரும் டாக்டர். ஆனா நீங்க பாத்த படம் இல்ல அது." சொன்னார். வரிகள் மாறியதை, ஐம்பது நொடியை, சத்தமில்லாத வாயை, பதினாலாவது பாயின்டை. கோர்வையாகச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாக, நடுநடுவே விட்டுவிட்டு. நான்கு வரி வாசித்துவிட்டேன் என்பதையும் சொன்னார், அதை நன்றாக வாசித்தேன் என்பதையும். ஏன் என்று கேட்பார், யார் என்று கேட்பார், உங்களை நம்பினேனே என்பார் என்று நின்றார். "எந்தெந்த வரி?" என்று கேட்டார் டாக்டர் செலின்.

"பதினோரு வரி. ரெண்டு தாளும் எங்கிட்ட இருக்கு."

"ஒவ்வொண்ணா வாசிங்க. மொதல்ல பழசு, அப்புறம் புதுசு. ஞாயித்துக்கெழம படம் ஓடும்போது டிவிக்குப் பக்கத்துல நின்னு நான் சொல்லணும்லா."

"வர்றது என் குரலாத்தான் இருக்கும் டாக்டர். அவங்க எல்லாரும் நான்தான் சொல்றேன்னு நினைப்பாங்க."

"அதையும் சொல்லிருவேன். நீங்க வாசிங்க."

தாள்களை வண்டியின் இருக்கைமேல் விரித்து, பறக்காமல் தலைக்கவசத்தை வைத்தார். வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்தது. கையால் நிழல் கட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது மாடி ஜன்னலில் யாரோ நின்று பார்ப்பதுபோல இருந்தது, நிமிரவில்லை. இரண்டாவது வரிக்குப் போகும்போது, "கொஞ்சம் மெதுவா சார்" என்றார் டாக்டர் செலின், "பேனா இப்பத்தான் கெடச்சுது."

மாசிலாமணி முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.